பாஸுக்குப் போறன்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் மனைவியை ஏமாற்றிய ஒரே கணவன் நான்தான் என்று ஒன்றரை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் அரை நாள் மழை. மிச்சம் ஒரு நாள் பனி.

என் பெயர் அம்புறோஸ். வயது ஐம்பத்து நாலு. பிறந்தது மன்னாரில். சுவிஸில், கூர் நகரத்தில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் இருபத்தோராவது வருடமாகக் காய் வெட்டுகிறேன். வேலையில் நான் காய் வெட்டுவேன், வீட்டில் மனைவி அன்னமலர் என் கதையை வெட்டுவாள். ஊருக்குத்தான் கூர் என்று பெயர். என் புத்திக்கு அப்படி ஒரு பெயரை அன்னமலர் இதுவரை வைத்ததில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேர். அன்னமலரிடமும் மகள் றோஷினியிடமும் மகன் தனுஷனிடமும் சிவப்பு நிறத்தில் சுவிஸ் பாஸ் இருக்கிறது. என்னிடம் இல்லை. விமான நிலையத்தில் அவர்கள் மூவரும் ஒரு கதவால் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் மற்ற வரிசையில் நிற்பேன். அவர்கள் அந்தப் பக்கம் கோப்பி குடித்து, கோப்பை கழுவாத குறையாக எழும்பும்போதுதான் நான் வெளியே வருவேன்.

பாஸ் எடுக்க நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முன் குடியுரிமை அலுவலகத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். நீள மேசை. ஐந்து பேர். நடுவில் இருந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார், உங்களுக்கு ஏன் சுவிஸ் குடியுரிமை வேண்டும் என்று. மூன்று கிழமை பாடமாக்கிய பதில் முழுவதும் பறந்துவிட்டது. உண்மை மட்டும் வாயில் நின்றது.

"மனுசி சொன்னவ," என்றேன், பிழையில்லாத ஜேர்மனில்.

ஐந்து பேரும் குனிந்து எழுதினார்கள். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இந்த நாட்டு மக்களோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்து பழகவும். அடுத்த முறை வரும்போது உங்களை நன்றாக அறிந்த சுவிஸ்காரர் இரண்டு பேரின் கடிதம் கொண்டுவரவும். என்னை நன்றாக அறிந்த சுவிஸ்காரருக்கு நான் எங்கே போவேன்? என்னை நன்றாக அறிந்த ஒரே ஆள் அன்னமலர். அவள் கடிதம் கொடுத்தால் நாடுகடத்தி விடுவார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். பயம்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த மேசையும் அந்த ஐந்து பேனாவும் கனவிலும் வரும்.

இந்த வருடம் பிறந்ததும் அன்னமலர் கட்டளை போட்டாள்.

"இஞ்சாருங்கோ. பாஸ் எடுக்கும்மட்டும் உங்களுக்கு ஒரு பயணமும் இல்லை. லூர்து இல்லை. லண்டன் இல்லை. எம்மன்புரூக்கேயிலை குணசேகரம் அண்ணை வீட்டுக் கொண்டாட்டமும் இல்லை."

"அங்கை ஆட்டிறைச்சிக் கறி போடுவினமப்பா."

"பாஸ் எடுத்துப்போட்டுப் போய்த் தின்னுங்கோ."

இப்படி என்னை வீட்டில் பூட்டிவைத்த காலத்தில்தான் வேலையிடத்தில் வேறொரு பாஸ் கதை காதில் விழுந்தது.

இந்த நாட்டில் கடவுச்சீட்டையும் பாஸ் என்பார்கள், மலைக்கணவாயையும் பாஸ் என்பார்கள். எங்கள் சமையலறையில் திங்கட்கிழமை என்றால் மலைப் பாஸ் கதைதான். யூலியர் பாஸ் ஏறினேன், அல்புலா பாஸ் இறங்கினேன். சைக்கிளில் பாஸ் ஏறி வந்தவன் கிழங்கு சீவும்போதுகூட ஒரு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சீவுவான். இருபது வருடமாக நான் குனிந்து சீவுகிறேன். எனக்கும் ஒருமுறை நிமிர்ந்து சீவ வேண்டும் போல் இருந்தது.

ஒரு நாள் தலைமைச் சமையற்காரர் ஊர்ஸ் என்னிடம் வந்தார்.

"அம்புறோஸ், விண்ணேற்றத் திருநாளோடு மூன்று நாள் லீவு வருகிறது. சைக்கிளில் ஒபர்ஆல்ப் பாஸ் ஏறப் போகிறோம். வருகிறாயா? ரேட்டோ என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் வருகிறார்."

நெஞ்சு துள்ளியது. உடனே அன்னமலரின் முகம் ஞாபகம் வந்தது. துள்ளிய நெஞ்சு உட்கார்ந்துகொண்டது. ஆனால் அன்று பின்னேரம் வெங்காயம் உரிக்கும்போது எனக்கு ஒரு வெளிச்சம் பிறந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவன் பயந்து தள்ளிப்போனான்.

பாஸ்! அன்னமலர் போகச் சொல்வதும் பாஸுக்கு. நான் போகப்போவதும் பாஸுக்கு. இதற்குமேல் ஒரு மனிதனுக்குத் தமிழும் ஜேர்மனும் சேர்ந்து என்ன உதவி செய்ய முடியும்?

வீட்டுக்குப் போனேன். அன்னமலர் பல்கனியில் நின்று வெறேனாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். வெறேனா முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்கிறவள். நான் கண்டதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் பேசப்படும் ஆள். போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

"அன்னமலர், நான் முடிவெடுத்திட்டன். பாஸுக்குப் போறன்."

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எப்ப?"

"திருநாள் வியாழக்கிழமை வெளிக்கிடுறன். மூண்டு நாள் செல்லும்."

"பாஸுக்கு மூண்டு நாளோ?"

"இது பெரிய பாஸப்பா."

"தனியவோ போறியள்?"

"மூண்டு பேர். மற்ற ரெண்டு பேரும் சுவிஸ்காரர்."

"அப்ப கதை முழுக்க ஜேர்மனிலைதான்."

"முழுக்க."

"சோதினை இருக்குமோ?"

"கடும் சோதினை. அதுவும் ரெண்டாம் நாள்."

"எதிலை போறியள்?"

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. "சைக்கிளிலை. சுகருக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ. சுவிஸ்காரருக்கும் சைக்கிள் ஓடுற ஆக்களைப் பிடிக்கும். அது... இன்டெகிராசியோன், சேர்ந்து பழகிறது."

அன்னமலர் பல்கனிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "நல்லது. போட்டு வாங்கோ. பாக் நான் அடுக்கித் தாறன்," என்றாள்.

கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு கெதியாக ஓம் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கே மூன்று மாதம் எடுத்தவள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். ஊர்ஸின் சைக்கிள் ஒரு கையால் தூக்கக்கூடியது. ரேட்டோவுடையதும் அப்படித்தான். என்னுடையது கடைக்குப் பால் வாங்கப் போகிற சைக்கிள். முன்னால் கூடை. அதற்கு மூன்று கியர், அதில் ஒன்றுக்கு வேலை செய்ய விருப்பமில்லை. பின்னால் அன்னமலர் கட்டிய பாக் ஒரு சின்னப் பிள்ளை அளவுக்கு இருந்தது.

ரேட்டோ அறுபத்தெட்டு வயதுக்காரர். ஒல்லி. மூக்கில் எப்போதும் ஒரு துளி நீர். வாத்தியார் வேலை விட்டும் வாத்தியார் புத்தி விடவில்லை. என் பக்கத்திலேயே ஓடினார்.

"அம்புறோஸ், மத்திய அமைச்சர்கள் எத்தனை பேர்?"

"ஏழு."

"மாநிலங்கள்?"

"இருபத்தாறு."

"நம் மாநிலத்தில் எத்தனை மொழி?"

ஏற்றம். மூச்சு முட்டியது. "நாலு."

"மூன்று அல்லவா?"

"தமிழைச் சேர்த்து."

ரேட்டோ சிரித்தார். மூக்குத்துளி விழுந்தது. ஆனால் கேள்வியை விடவில்லை. தண்ணீர் குடிக்க நின்றால் ஒரு கேள்வி, சிறுநீர் கழிக்க ஒதுங்கினால் மரத்துக்கு மற்றப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. சுவிஸ்காரர் சைக்கிள் ஓடும்போது இப்படித்தான் பொழுது போக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இலான்ஸ் தாண்ட மழை பிடித்தது. டிசென்டிஸ் போய்ச் சேரும்போது என் சப்பாத்துக்குள் மீன் வளர்க்கலாம். குளித்துச் சாப்பிட்டு விடுதிக் கட்டிலில் விழுந்ததுதான் தெரியும்.

காலையில் யன்னல் சீலையை விலக்கினேன். எல்லாம் வெள்ளை. மலை இல்லை, றோட்டு இல்லை, என் சைக்கிளின் கூடையில் மட்டும் ஒரு பெரிய இட்டலி அவித்து வைத்திருந்தது.

"மே மாதமப்பா!" என்று அலறினேன்.

ஊர்ஸ் பாணில் வெண்ணெய் பூசியபடி விளங்கப்படுத்தினார். மே மாத நடுவில் சில புனிதர்களின் நாட்கள் வரிசையாக வருமாம். அந்த நாட்களில் குளிர் ஒருமுறை திரும்பி வந்து போகுமாம். பனிப் புனிதர்கள் என்று பெயராம். கடைசியில் வருகிறவள் ஒரு பெண், குளிர்ச் சோபி. இன்றைக்கு அவளுடைய நாள்.

நானும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன்தான். எங்கள் பக்கத்தில் புனிதர்களிடம் மழை கேட்போம், தொலைந்த சாவி கேட்போம். இப்படிக் கேட்காமல் கொண்டுவந்து கொட்டுகிற புனிதர்களை நான் கேள்விப்பட்டதில்லை. திருநாள் பூசைக்குப் போகாமல் சைக்கிளில் ஏறியவனுக்கு இது வேண்டும் என்றும் மனதின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலை அன்னமலரின் குரலில்தான் பேசியது.

"திரும்பிப் போவமோ?" என்று கேட்டேன்.

ஊர்ஸ் ரேட்டோவைப் பார்த்தார். ரேட்டோ போனைப் பார்த்தார். "போகலாம். மேலே," என்றார்.

உடுப்பு மாற்றப் பாக்கைத் திறந்தேன். கம்பளிக் கையுறை. அதற்கு மேலால் போடக்கூடிய அளவில் பாத்திரம் கழுவும் மஞ்சள் றப்பர் கையுறை. காலுறைக்கு மேலால் கட்டப் பாண் சுற்றி வந்த பிளாஸ்ரிக் பைகள், நாலு றப்பர் வளையம். கோடாலித் தைலம். நெஞ்சுக்குள் செருகக் கடுதாசி. எல்லாம் ஒழுங்காக, போடவேண்டிய வரிசையிலேயே அடுக்கியிருந்தது.

பாஸ் எடுக்க அலுவலகத்துக்குப் போகிறவனுக்கு றப்பர் கையுறை எதற்கு? இந்தக் கேள்வியை ரேட்டோ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாவம், மனுசிக்கு ஒன்றும் தெரியாது, கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டிருக்கிறாள் என்று இரங்கினேன். இரங்கியபடியே எல்லாவற்றையும் போட்டேன். கடுதாசி ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகை. நெஞ்சில் ஒட்டியது மரண அறிவித்தல் பக்கம். எனக்கு ஒரு கட்டம் பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

பனியில் சைக்கிள் ஓடுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் ஓடவில்லை. சில்லு தன் பாட்டுக்குச் சுழன்றது. பிரேக் பிடித்தால் பிடிக்கவில்லை, பிடிக்காதபோது பிடித்தது. ஊர்ஸ் சொல்லிச் சில்லில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். சில்லுக்கு நல்லதுதான், என் மூச்சும் சேர்ந்து குறைந்தது. கண்ணாடியைத் துடைத்தால் பனி, கழற்றினால் றோட்டு இல்லை. செட்றுன் தாண்டியபிறகு சைக்கிள் என்னை ஏற்றவில்லை, நான்தான் சைக்கிளை மலையேற்றினேன். ஆண்டவர் விண்ணேறியபோது மேகம் வந்து அவரை மறைத்ததாம். என்னையும் மறைத்தது. அவருக்குத் திரும்பி இறங்க வேண்டிய கவலை இல்லை.

நடுவழியில் போன் அடித்தது. அன்னமலர்.

"பாஸ் எப்பிடிப் போகுது?"

"கஷ்டமப்பா." பல் அடித்துக்கொண்டது.

"வழுக்குதோ?"

"என்ன?"

"கேள்வியள். கேள்வியள் வழுக்குதோ எண்டு கேட்டனான்."

"ஓ... ஓம். வாத்தியார் ஒராள் விடாமல் கேக்கிறார்."

"கேக்கட்டும், கேக்கட்டும். கையுறையைப் போடுங்கோ." வைத்துவிட்டாள்.

கையுறையைப் போடச் சொன்னாளே என்று யோசிக்கத் தொடங்கினேன். மூளையும் உறைந்திருந்தது. பாதி யோசனையில் நின்றுவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் தள்ளினோம். கடைசி வளைவு என்று ரேட்டோ ஏழு முறை சொன்ன ஒரு வளைவில் திரும்பினோம். றோட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடை. அதில் ஒரு பலகை. பனியைக் கையால் தட்டி வாசித்தேன். ஒபர்ஆல்ப் பாஸ், பூட்டு.

ஏழு வருடத்துக்கு முன் வந்த கடிதத்திலும் இதைத்தான் வேறு சொல்லில் எழுதியிருந்தார்கள். எனக்கு எந்தப் பாஸும் இல்லை. மலையில் இருக்கிற பாஸும் இல்லை, மேசையில் இருக்கிற பாஸும் இல்லை. கால் சறுக்கி விழுந்தேன். சைக்கிளும் என்மேல் விழுந்தது. அதன் கூடையில் இருந்த பனி என் கழுத்துக்குள் போனது. நான் எழும்பவில்லை. எழும்பி என்ன செய்ய? அப்படியே கிடந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக, ஐம்பத்து நாலு வயதில்.

ரேட்டோ பக்கத்தில் குந்தினார். "அம்புறோஸ், என்ன வேண்டும்?"

"வீட்டை போகவேணும்!"

"எந்த வீட்டுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த வீடோ? எனக்கு எத்தினை வீடு இருக்கு? கூர்! கூருக்குத்தான்! என்ரை கட்டில் கூரிலை, என்ரை மனுசி கூரிலை, என்ரை சுகர்க் குளிசையும் கூரிலை! வேறை எங்கை நான் போறது?"

எல்லாம் சுவிஸ் ஜேர்மனில். மலை எதிரொலிக்க. ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ரேட்டோ மூக்கைத் துடைத்தார். முதல் முறையாக அதைத் துடைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் தூக்கி, சைக்கிளையும் தூக்கி, கீழே இருந்த குட்டி நிலையத்தில் சிவப்பு றெயிலில் ஏற்றினார்கள். சூட்டில் நான் தூங்கிவிட்டேன். ஒருமுறை கண் விழித்தபோது ரேட்டோ போனில் ஏதோ நீளமாகத் தட்டிக்கொண்டிருந்தார், ஊர்ஸ் பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை திருத்தினார்.

வீட்டுக் கதவைத் திறக்குமுன் பொய் ஒன்றைத் தயார் செய்தேன். பாஸ் அலுவல் ஒருநாள் முந்தி முடிந்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளே போனேன். ஒரு பெரிய பேசினில் ஆவி பறக்கும் சுடுதண்ணீர். பக்கத்தில் துவாய். மேசையில் ரசம்.

"காலை வையுங்கோ," என்றாள் அன்னமலர். "பாஸ் என்ன மாதிரி?"

"பூட்டு," என்று வாயில் வந்துவிட்டது.

"தெரியும். காலமை ஆறு மணிக்கே பூட்டிட்டாங்கள். போனிலை பாத்தனான்."

கால் சுடுதண்ணீரில். உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. "உமக்கு... எந்தப் பாஸ் எண்டு..."

"இருபது வருசமாய் ஊர்ஸோடை வேலை செய்யிறியள். இந்த வருசம் மட்டும் ஏன் உங்களைச் சைக்கிள் ஓடக் கூப்பிட்டவர் எண்டு யோசிச்சியளோ?"

நான் யோசிக்கவில்லை.

"உங்களுக்குக் கடிதம் தரச்சொல்லி நான்தான் போன் பண்ணிக் கேட்டனான். கடிதம் தரவேணுமெண்டால் ஆளை வடிவாய்த் தெரிஞ்சிருக்க வேணும் எண்டார். அப்ப கூட்டிக்கொண்டு போய்த் தெரிஞ்சுகொள்ளுங்கோ எண்டன். உங்களிட்டைச் சொன்னால் ஏதும் சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பியள். களவாய்ப் போனால்தான் போவியள்."

"அப்ப பாஸ் பூட்டெண்டு தெரிஞ்சும்..."

"ரேட்டோதான் கேட்டு எழுதினவர். பனி கொட்டுது, திரும்பவோ எண்டு. ஏத்துங்கோ எண்டு நான்தான் எழுதினனான். நல்ல காலநிலையிலை உங்களை ஆர் அறியிறது?"

அவள் போனை எடுத்து வாசித்தாள். ரேட்டோ எழுதிய கடிதம். கீழே ஊர்ஸின் பெயரும் இருந்தது. *திரு. அம்புறோஸ் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார். நம் மாநிலத்தில் மொழிகள் நாலு என்கிறார், அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பனியில் விழுந்து கிடந்தபோது வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதார். எந்த வீடு என்று கேட்டோம். கூர் என்று எங்களைத் திட்டினார். இதற்குமேல் இவரிடம் கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை.*

எனக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்த முறை பனி மேல் பழி போட முடியவில்லை. அன்னமலரும் மற்றப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். திரும்பி வரும்போது கையில் விண்ணப்பப் படிவமும் பேனாவும் இருந்தன. கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தாள்.

வைத்தேன். ஆறு இடத்தில். அந்த நீள மேசை கண்ணுக்கு முன் வந்து நின்றது. வியப்பாக இருந்தது, இப்போது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

"ஊர்ஸ் சரி. என்னோடை வேலை செய்யிறவர். அந்த ரேட்டோ ஆர்? எனக்கு முன்பின் தெரியாத மனுசன், அறுபத்தெட்டு வயதிலை, அந்தப் பனிக்குள்ளை எனக்காக ஏன் வந்தவர்?"

"அவர் எங்கடை வெறேனாவின்ரை மனுசன்," என்றாள் அன்னமலர், படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தபடி. "அதைத்தான் ஊர்ஸும் அவரிட்டைக் கேட்டவராம். மனுசி சொன்னவ எண்டாராம்."